‘கணபதிம்’ல அந்த ‘ம்’ எதுக்கு? முத்துசுவாமி தீட்சிதரின் கதையும், அவர் பாட்டில் ஒளிந்திருக்கும் பெயர்களும்

கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் முதலில் வாசிப்பது, கச்சேரியில் பாடகர் முதலில் எடுப்பது என்று ‘வாதாபி கணபதிம்’ பாட்டை எப்படியும் நூறு தடவையாவது கேட்டிருப்பீர்கள். கணபதி என்றால் பிள்ளையார், அது தெரியும். ஆனால் ‘கணபதிம்’? கடைசியில் அந்த ‘ம்’ எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

ரொம்பப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தமிழில் ‘கணபதியை’ என்று சொல்லும்போது வருகிற ‘ஐ’தான் அங்கே ‘ம்’ ஆகியிருக்கிறது. ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தோடு மறந்துபோன இரண்டாம் வேற்றுமை உருபு. இந்த ஒரு எழுத்து புரிந்தால், இந்தப் பாட்டை எழுதிய முத்துசுவாமி தீட்சிதர் தன் வாழ்நாள் முழுக்க என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் கொஞ்சம் புரிய ஆரம்பிக்கும்.

இன்னொரு இடத்திலும் இதைக் கேட்டிருப்பீர்கள். தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது பண்பொழி. பைம்பொழில் என்ற பழைய பெயர்தான் இப்படி ஆனது என்பார்கள். ஊருக்கு மேலே மலையில் திருமலைக் குமாரசுவாமி கோயில். ஊர்க்காரர்களுக்கு அவர் முருகன். போர்டில் குமாரசுவாமி. அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் அர்ச்சகர் வாயில் அவரே ‘ஆய நம’ என்று முடிகிற வரிசையான பெயர்களாக மாறிவிடுவார். குமாராய, ஸ்கந்தாய, குஹாய... அந்த ‘ஆய’ என்பதும் உருபுதான். குமாரனுக்கு வணக்கம், கந்தனுக்கு வணக்கம், குகனுக்கு வணக்கம் என்பதில் வருகிற ‘கு’. நான்காம் வேற்றுமை. அம்மன் சந்நிதியில் அதுவே ‘யை நம’ ஆகும்.

அப்படியே சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். குற்றாலத்தில் அம்மன் பெயர் குழல்வாய்மொழி. அவளுக்கே வேணுவாக்குவாதினி என்றும் பெயர். குழல் என்றால் வேணு, மொழி என்றால் வாக்கு. சங்கரன்கோவிலில் ஆவுடையம்மன்தான் கோமதி. ஆ என்றால் பசு, கோ என்றாலும் பசு. இந்தக் கோமதியில் இருக்கிற ‘மதி’க்கு நிலா என்றோ அறிவு என்றோ பொருள் இல்லை. ‘உடையவள்’ என்று அர்த்தம். திருநெல்வேலிக்குப் போனால் வடிவுடையம்மைதான் காந்திமதி. அங்கேயும் அதே ‘மதி’, அதே ‘உடையாள்’. வீட்டில் கோமதி, காந்திமதி என்று அத்தையோ பாட்டியோ இருந்தால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

இப்படி ஒரு ஊரின் தமிழ்ப் பெயரும் சம்ஸ்கிருதப் பெயரும் ஜோடியாக நடக்கிற தமிழ்நாட்டில், கோயில் கோயிலாக நடந்து அந்தப் பெயர்களையெல்லாம் பாட்டாக்கிய ஒருவரின் கதை இது.

பெயரிலேயே இரண்டு மொழி

1775-ல் திருவாரூரில் பிறந்தவர் முத்துசுவாமி. 1776 என்று கணக்கிடுபவர்களும் உண்டு. கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் வயதில் கடைசி இவர்தான். சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767. மூன்று பேருமே திருவாரூரில் பிறந்தவர்கள் என்பது இசை உலகம் இன்னும் ஆச்சரியப்படுகிற விஷயம்.

அப்பா ராமசாமி தீட்சிதர் பெரிய வித்வான். ஹம்சத்வனி என்ற ராகமே அவர் உருவாக்கியது என்பது மரபு. ஹம்சம் என்றால் அன்னம், த்வனி என்றால் ஒலி. ‘வாதாபி கணபதிம்’ இருப்பது அந்த ராகத்தில்தான். அப்பா கண்டுபிடித்த ராகத்தைப் பிள்ளை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

ராமசாமிக்கு ரொம்ப நாள் குழந்தை இல்லை. வைத்தீஸ்வரன்கோயிலில் வேண்டிக்கொண்ட பிறகு பிறந்த பிள்ளை என்பதால், அங்கே இருக்கும் முருகனான முத்துக்குமாரசுவாமியின் பெயரை வைத்தார். முத்து தமிழ், சுவாமி சம்ஸ்கிருதம். அடுத்துப் பிறந்தவர் சின்னசுவாமி, அங்கேயும் அதே கலவை. தங்கை பாலாம்பாள், வைத்தீஸ்வரன்கோயில் தையல்நாயகியின் இன்னொரு பெயரான பாலாம்பிகையிலிருந்து வந்தது. கடைசித் தம்பி பாலுசுவாமி. தீட்சிதர் என்பது வேள்விக்குத் தீட்சை எடுத்த பரம்பரை என்பதைக் குறிக்கும் பட்டம். சிதம்பரம் கோயிலில் பூஜை செய்யும் தீட்சிதர்கள் வேறு, இவர்கள் வேறு. இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு உண்டு.

கோட்டையில் கேட்ட பேண்டு வாத்தியம்

சென்னைக்கு வடக்கே மணலி. இன்று சுத்திகரிப்பு ஆலைகளும் லாரிகளும் நினைவுக்கு வரும். அன்று அது ஒரு சங்கீத வீடு இருந்த ஊர். முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் ராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு அழைத்து வைத்துக்கொண்டார். அவருக்குப் பிறகு மகன் வேங்கடகிருஷ்ண முதலியார். இவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு வேலை செய்த துபாஷ், அதாவது இரண்டு மொழி தெரிந்த இடைத்தரகர்.

அந்தத் தொடர்பில் அண்ணன் தம்பிகள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு இசையைக் கேட்டார்கள். இருவரும் இரண்டு விதமாக அதை எடுத்துக்கொண்டார்கள். தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அந்த வாத்தியத்தை நம் இசைக்குள் கொண்டுவந்த முதல் ஆட்களில் அவர் ஒருவர்.

அண்ணன் முத்துசுவாமியோ அந்த மெட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, சம்ஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதிவிட்டார். பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டில் ஒரு தேவி பாட்டு இருக்கிறது. யூடியூபில் தேடினால் குழந்தைகள் பாடுவது நிறைய கிடைக்கும். இப்படி சுமார் 40 பாடல்கள். இவற்றுக்கு நோட்டுஸ்வரம் என்று பெயர். ஆங்கில ‘நோட்’டையும் சம்ஸ்கிருத ‘ஸ்வர’த்தையும் தமிழ்நாட்டில் வைத்து ஒட்டிய சொல். வேறு எந்த ஊரில் இப்படி ஒரு சொல் பிறந்திருக்கும்!

மணலியில் இருக்கும்போதுதான் சிதம்பரநாத யோகி என்பவர் வந்து, இந்தப் பையனைக் காசிக்கு அழைத்துப்போகிறேன் என்று கேட்டார். அப்பாவுக்கு மனசே இல்லை. ஆனாலும் அனுப்பினார். சில ஆண்டுகள் காசியில் வேதாந்தமும் ஸ்ரீவித்யை என்ற தேவி வழிபாட்டு முறையும் படித்தார் முத்துசுவாமி. அங்கே கேட்ட துருபத் பாணி இசை அவர் பாட்டுகளின் நிதானமான நடையில் தெரிகிறது என்கிறார்கள் இசை ஆய்வாளர்கள். ஜெய்ஜெய்வந்தி என்ற வடநாட்டு ராகம் த்விஜாவந்தி என்ற பெயரில் அவர் பாட்டில் வருவதும் இப்படித்தான்.

கங்கைக்குள் கையை விட்டு எடுக்கச் சொன்னார் யோகி, கையில் ‘ராம’ என்று எழுதிய ஒரு வீணை வந்தது, அதன் பிறகு யோகி கங்கையிலேயே முழுகி மறைந்தார் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை. அவர் வாழ்க்கையில் இது மாதிரி நிறைய கதைகள் வரும். அவை எல்லாம் எழுத்தில் ஏறியது அவர் இறந்து கிட்டத்தட்ட 70 ஆண்டுகள் கழித்துத்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

கற்கண்டும் குருகுகனும்

காசியிலிருந்து திரும்பியவர் திருத்தணிக்குப் போனார். மலையில் உட்கார்ந்து தியானம் செய்துகொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தாராம். அந்த இனிப்போடு முதல் பாட்டு வந்தது. அது மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கிறது. பாட்டு கிளாசுக்குப் போன எல்லோருக்கும் தெரியும், முதல் நாள் ச ரி க ம சொல்லித்தருவது இந்த ராகத்தில்தான்.

வந்த பெரியவர் முருகன்தான் என்று நம்பினார் தீட்சிதர். அன்றிலிருந்து தன் பாட்டுகளில் ‘குருகுஹ’ என்று முத்திரை வைத்தார். முத்திரை என்றால் பாட்டுக்குள் எழுதியவர் போடும் கையெழுத்து. தியாகராஜர் தன் பெயரையே போடுவார். சியாமா சாஸ்திரி ‘சியாமகிருஷ்ண’ என்று போடுவார். தீட்சிதர் பாட்டில் தீட்சிதர் பெயர் இருக்காது. குரு ப்ளஸ் குகன், அதாவது தனக்குக் குருவாக வந்த முருகன். குகையில் இருப்பவன் குகன், இங்கே குகை என்பது மனசு. பண்பொழி அர்ச்சனையில் வரும் ‘குஹாய’வும் இதே குகன்தான்.

ஒரு பாட்டு உண்மையிலேயே தீட்சிதருடையதா என்று பார்க்க ஆய்வாளர்கள் முதலில் தேடுவது இந்தக் கையெழுத்தைத்தான். ஆனால் அது தெரிந்தே பிற்காலத்தில் வேறு சிலர் ‘குருகுஹ’ போட்டுப் பாட்டு எழுதி அவர் கணக்கில் சேர்த்துவிட்டதால், கையெழுத்து மட்டும் போதாது என்ற சண்டையும் ஓடிக்கொண்டிருக்கிறது.

திருத்தணி முருகன் மீது அவர் எட்டுப் பாட்டு பாடினார். ஏன் எட்டு? ஏனென்றால் வேற்றுமை எட்டு. முதல் பாட்டில் குருகுகன் எழுவாய். இரண்டாவதில் குருகுகனை. மூன்றாவதில் குருகுகனால். அப்படியே குருகுகனுக்கு, குருகுகனிடமிருந்து, குருகுகனுடைய, குருகுகனிடத்தில், கடைசியாக ‘குருகுகனே’ என்று கூப்பிடுவது. இதை விபக்தி கிருதிகள் என்பார்கள். விபக்தி என்றால் வேற்றுமை, கிருதி என்றால் பாட்டு. அவ்வளவுதான்.

பிறகு திருவாரூர் தியாகராஜர் மீதும் இதையே செய்தார். தியாகராஜோ, தியாகராஜம், தியாகராஜேன, தியாகராஜாய என்று சாமி பெயர் வால் மாறி மாறி வரும். பாட்டு லிஸ்ட்டைப் பார்த்து இதெல்லாம் வேறு வேறு சாமியா, ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா என்று குழம்ப வேண்டாம். எல்லாம் ஒரே ஆள், எட்டு வேற்றுமை. இலக்கண வகுப்பை யாராவது இவ்வளவு ரசித்துப் பாடியிருப்பார்களா தெரியவில்லை. ஆனால் இதில் ஒரு பக்தியும் இருக்கிறது. ஒருவரோடு ஒருவருக்கு எத்தனை விதமான உறவு சாத்தியமோ, இலக்கணத்தில் அத்தனையும் இந்த எட்டுக்குள் அடங்கிவிடும். சாமியோடும் அதில் ஒன்றைக்கூட விடாமல் வைத்துக்கொண்டார் மனிதர்.

கோயிலுக்குக் கோயில் ஒரு அட்ரஸ்

திருத்தணிக்குப் பிறகு காஞ்சிபுரம், அப்புறம் திருவாரூர், மாயவரம், தஞ்சாவூர், மதுரை என்று நடந்துகொண்டே இருந்தார். போன கோயிலில் எல்லாம் பாட்டு. அந்தப் பாட்டுகளைக் கவனித்தால் ஒரு பழக்கம் தெரியும். கோயில் இருக்கும் ஊர், சாமி பெயர், அம்மன் பெயர், குளம், தலமரம் என்று ஒரு முழு முகவரி உள்ளே இருக்கும். பல பாட்டுகளில் ராகத்தின் பெயரும் ஏதாவது ஒரு சொல்லுக்குள் பதுங்கியிருக்கும். இன்று ஃபோட்டோ போட்டு லொகேஷன் டேக் செய்கிறோமே, கிட்டத்தட்ட அப்படி.

ஆனால் முகவரி சம்ஸ்கிருதத்தில் இருக்கும். மேலே சொன்ன பெயர் ஜோடிகள் கை கொடுப்பது இங்கேதான். திருநெல்வேலி சாமிக்கு அவர் பாட்டில் சாலிவாடீஸ்வரர் என்று பெயர். சாலி என்றால் நெல், வாடி என்றால் வேலி. நெல்வேலி! மாயவரத்தில் அம்மன் அபயாம்பிகை. தமிழில் அஞ்சல் நாயகி, பயப்படாதே என்று சொல்கிறவள். பயம் இல்லை என்பதுதான் அபயம். திருவானைக்காவில் ஜம்புகேஸ்வரர், ஜம்பு என்றால் அங்கே தலமரமாக நிற்கும் நாவல். திருவையாறு பஞ்சநதம், ஐந்து ஆறு. விருத்தாசலம் பழமலை. வேதாரண்யம் மறைக்காடு.

இந்த மொழிபெயர்ப்புகளைத் தீட்சிதர் கண்டுபிடிக்கவில்லை. தலபுராணங்களில் அவை ஏற்கெனவே இருந்தன. ஆனால் சுருதி சேர்த்து, தாளம் கட்டி, காதில் நிற்கிற மாதிரி செய்தது அவர். அதனால் ஒரு நஷ்டமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். கச்சேரி கேட்கும் கூட்டத்துக்கு அபயாம்பிகை தெரியும், அஞ்சல் நாயகி தெரியாது. சம்ஸ்கிருதப் பெயர் மேலே ஏறி உட்கார்ந்து, கீழே இருந்த தமிழ்ப் பெயரை மறைத்துவிட்டது என்று ஒரு தரப்பு வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1941-ல் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் கூடித் தமிழ்ப் பாட்டுக்கு மேடை கேட்டவர்களும், 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியவர்களும் எழுப்பிய கேள்வி இதோடு சேர்ந்ததுதான். தமிழ்நாட்டில் பாடுகிறவர், தமிழ்நாட்டில் கேட்கிறவர், நடுவில் பாட்டு மட்டும் ஏன் புரியாத மொழியில்?

தீட்சிதரைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று யூகிப்பதில் அர்த்தமில்லை. அவருக்குத் தமிழ் அந்நியம் இல்லை என்பது மட்டும் பாட்டிலேயே தெரிகிறது. மாயவரத்து அபயாம்பிகை மீது ஸ்ரீராகத்தில் சம்ஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்து ஒரு மணிப்பிரவாளப் பாட்டு எழுதியிருக்கிறார். மணி என்றால் இங்கே முத்து, பிரவாளம் பவளம். இரண்டையும் கோத்த மாலை மாதிரி மொழிகளைக் கோப்பது. திருவாரூர்ப் பக்கத்தில் புலிவலம் வேங்கடாசலபதி மீதும் அப்படி ஒன்று உண்டு. ஆனால் நானூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் அவர் பெயரில் இருக்க, தமிழ் தலைகாட்டுவது ஒரு கை விரலில் எண்ணும் அளவுக்குத்தான்.

‘வாதாபி’யும் ஒரு முகவரிதான். கர்நாடகத்தில் இருக்கும் இன்றைய பாதாமி, அன்றைய சாளுக்கியத் தலைநகரம். 642-ல் பல்லவர் படை அதைப் பிடித்தது. படைத்தளபதி பரஞ்சோதி, அதாவது பின்னாளில் நாயன்மாரான சிறுத்தொண்டர், அங்கிருந்து கொண்டுவந்த பிள்ளையார் என்பது செவிவழி வரலாறு. திருவாரூர்ப் பகுதிக் கணபதிகள் மீது தீட்சிதர் பாடிய 16 பாட்டில் இது ஒன்று என்பது மரபு. ஒரு போர் நினைவு கல்யாண மண்டபத்தில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

பெயருக்குள் ஒரு நம்பர்

ராகங்களின் பெயரிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. கர்நாடக இசையில் தாய் ராகங்கள் 72. இந்த வரிசையை 17-ம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வகுத்தவர் வேங்கடமகி. அந்த வம்சத்தில் வந்தவரிடம்தான் தீட்சிதரின் அப்பா பாடம் கேட்டார். ஆகவே இது குடும்பச் சொத்து மாதிரி.

72 ராகத்துக்கும் நம்பர் ஞாபகம் வைத்துக்கொள்வது கஷ்டம் அல்லவா? அதற்குக் கடபயாதி என்று ஒரு குறியீடு. ஒவ்வொரு சம்ஸ்கிருத எழுத்துக்கும் ஒரு எண். ராகத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்தை எடுத்து, எண்ணைத் திருப்பிப் போட்டால் ராகத்தின் வரிசை எண் கிடைத்துவிடும். மாயாமாளவகௌளையில் ‘மா’ 5, ‘யா’ 1. திருப்பினால் 15. அந்த ராகம் பதினைந்தாவது. மாளவகௌளை என்று இருந்த பழைய பெயருக்கு முன்னால் ‘மாயா’வை ஒட்டியதே இதற்காகத்தான். பாஸ்வேர்ட் மாதிரி.

தீட்சிதர் பின்பற்றிய பட்டியலில் பல ராகங்களுக்கு வேறு பெயர் இருக்கும். இன்று ஹேமவதி என்று சொல்வது அவர் மரபில் தேசிசிம்ஹாரவம். இரண்டுக்கும் கடபயாதி போட்டுப் பார்த்தால் 58 என்றே வரும். நெல்லை காந்திமதி மீது அவர் பாடிய புகழ்பெற்ற பாட்டு இந்த ராகத்தில்தான். 72 தாய் ராகங்களிலும் பாட்டு போட்டவர் என்பதால், வேறு யாரும் கை வைக்காத சில ராகங்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளவே அவர் பாட்டுதான் ஆதாரம்.

வீட்டில் அரிசி இல்லை

இவ்வளவு பெரிய வித்வான் வசதியாக இருந்திருப்பார் என்று நினைத்தால் தப்பு. ராஜாவைப் புகழ்ந்து பாடினால் காசு கிடைக்கிற காலம். தீட்சிதர் மனிதரைப் பாட மாட்டேன் என்று இருந்தார். திருவாரூரில் ஒருநாள் சமையலுக்கே ஒன்றும் இல்லை. கமலம் என்ற தேவதாசி அவரிடம் பாட்டு கற்றுக்கொண்டிருந்தார். தன் நகையை விற்று வாங்கி வருகிறேன் என்றார் கமலம். தீட்சிதர் வேண்டாம் என்றுவிட்டுக் கோயிலுக்குப் போய்ப் பாடினார். அன்றே, யாரோ ஒரு அதிகாரிக்காக வாங்கி வைத்திருந்த மளிகைச் சாமான், அவர் வராததால், இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்பார்கள்.

இன்னொரு சமயம் மனைவிக்கு நகை ஆசை. தஞ்சாவூர் ராஜாவைப் பாடினால் கிடைக்குமே என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக அவர் லலிதா ராகத்தில் லட்சுமி மீது பாடியதுதான் ‘ஹிரண்மயீம்’. ஹிரண்யம் என்றால் தங்கம். ஹிரண்மயீ என்றால் தங்கமே உருவானவள். ‘ம்’மை இப்போது நீங்களே கவனித்திருப்பீர்கள், தங்கமானவளை. வீட்டில் தங்கம் கேட்ட சண்டை ஒரு வேற்றுமை உருபோடு முடிந்தது. மனைவி சமாதானம் ஆனார் என்று கதை சொல்கிறது. நம்புவது உங்கள் விருப்பம்.

மாணவர்கள் விஷயத்தில் அவர் ரொம்பத் தாராளம். சுத்தமத்தளம் தம்பியப்பன் என்ற சீடருக்குத் தீராத வயிற்று வலி. ஜாதகத்தில் வியாழன் சரியில்லை என்றார்கள். அவருக்காக வியாழன் மீது அடாணா ராகத்தில் ஒரு பாட்டு செய்து, பாடிக்கொண்டே இரு என்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் நவக்கிரகக் கிருதிகள். ஞாயிறு முதல் சனி வரை ஏழு பாட்டு, ஏழு தாளம். ராகு, கேது பாட்டுகள் பிற்காலச் சேர்க்கையாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

தஞ்சாவூர் நால்வர் என்று பரதநாட்டிய உலகம் கொண்டாடும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நான்கு பேரும் அவர் சீடர்கள். இன்று அரங்கேற்றத்தில் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் வரிசையை அமைத்தவர்கள் இவர்கள்தான். வடிவேலு பிறகு திருவனந்தபுரம் போய் சுவாதித் திருநாள் அவையில் இருந்தார். கோயில் நட்டுவனார் வீட்டுப் பிள்ளைகள், தேவதாசி, மத்தளக்காரர் என்று இந்த மாணவர் பட்டியலைப் பார்த்தால், ஸ்ரீவித்யையும் சம்ஸ்கிருதமும் படித்த ஒருவரின் வீட்டுத் திண்ணை அந்தக் காலத்தில் எவ்வளவு கலவையாக இருந்திருக்கிறது என்று தெரியும். இந்தப் பாட்டுகள் உயிரோடு இருப்பதில் பாதிப் பங்கு அவர்களுடையது.

தெற்கே வந்த கடைசிப் பயணம்

தம்பி பாலுசுவாமி எட்டயபுரம் அரண்மனையில் ஆஸ்தான வித்வானாகிவிட்டார். அவரைத் தேடித்தான் தீட்சிதர் தெற்கே வந்தார். வழியில் சாத்தூர்ப் பக்கம், மழையே இல்லாமல் காய்ந்து கிடந்த கரிசல் காட்டைப் பார்த்து அமிர்தவர்ஷிணி ராகத்தில் அவர் பாட, கொட்டித் தீர்த்தது என்பது ரொம்பப் பிரபலமான கதை. அமிர்தவர்ஷிணி என்றால் அமுதைப் பொழிகிறவள். மழை வந்ததோ இல்லையோ, கோவில்பட்டி வெயிலில் நின்றவர்களுக்கு அந்தப் பாட்டு ஏன் பிறந்தது என்று சுலபமாகப் புரியும். கழுகுமலை முருகன் மீது சுத்த தன்யாசியிலும், திருச்செந்தூர் முருகன் மீது தோடியிலும் அவர் பாட்டு உண்டு.

1835 அக்டோபர் 21, தீபாவளி நாள். எட்டயபுரத்தில் காலை பூஜையை முடித்தார். மதுரை மீனாட்சி மீது தான் முன்பு செய்திருந்த கமகக்ரியா ராகப் பாட்டைச் சீடர்களைப் பாடச் சொன்னார். பூர்வி கல்யாணிக்கு அவர் மரபில் அதுதான் பெயர். அதில் தேவியின் கண்ணைப் பற்றியும், கட்டை அவிழ்ப்பதைப் பற்றியும் வரும் ஒரு இடத்தைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே உயிர் விட்டார். மீன் போன்ற கண் உடையவள் மீனாட்சி. அட்சம் என்றால் கண். தமிழில் கயற்கண்ணி, அங்கயற்கண்ணி. எட்டயபுரத்தில் அட்டக்குளம் பக்கம் அவருடைய சமாதி இருக்கிறது.

அவர் போன பிறகு பாட்டுகள் குடும்பத்துக்குள்ளும் சீடர் வீடுகளிலும் மட்டும்தான் இருந்தன. பாலுசுவாமியின் மகள் வழிப் பேரன் சுப்பராம தீட்சிதர், 1839-ல் பிறந்தவர், தாத்தாவுக்கே தத்துப்பிள்ளை ஆனவர். குடும்பச் சொத்தை வெளியே தருவதில் அவருக்கும் தயக்கம் இருந்தது. அவரை விடாமல் வற்புறுத்தியவர் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர். சென்னை அரசாங்க உத்தியோகஸ்தர். நம் பாட்டுகளை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிட்டுக் காப்பாற்றிவிட வேண்டும் என்று சொந்தக் காசைப் போட்டு அலைந்தவர். அவரும் எட்டயபுரம் ஜமீனும் சேர்ந்து கொடுத்த அழுத்தத்தில்தான் 1904-ல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெரும் புத்தகம் எட்டயபுரத்திலேயே அச்சானது. தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள் ஸ்வரத்தோடு அதில் உள்ளன. அவர் வாழ்க்கைக் கதைகள் பெரும்பாலும் நமக்கு வந்ததும் அதிலிருந்துதான்.

அதில் ஒரு வேடிக்கை. பாட்டு சம்ஸ்கிருதம், அச்சான ஊர் கரிசல் காடு, எழுத்து மட்டும் தெலுங்கு. அன்று சங்கீதப் புத்தகத்துக்கு அதுதான் வழக்கம். பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் பல பாகங்களாகக் கொண்டுவந்தது. தமிழில் ஒரே ‘க’தான். சம்ஸ்கிருதத்தில் நான்கு. அதனால்தான் தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களில் க, ச, த, ப பக்கத்தில் குட்டியாக 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். அது தாளக் கணக்கு இல்லை, உச்சரிப்புக் குறிப்பு.

1906-ல் சுப்பராம தீட்சிதர் இறந்தபோது தமிழில் இரங்கல் கவிதை எழுதினார், அதே எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த ஒருவர். பெயர் சுப்பிரமணியன். பாரதி என்று சொன்னால் தெரியும்.

பண்பொழியிலிருந்து எட்டயபுரம் சுமார் நூறு கிலோமீட்டர். தென்காசி வந்து, சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி வழியாகப் போகலாம். போகிற வழியில் ஆவுடையம்மன் என்ற கோமதி இருக்கிறாள். கழுகுமலையில் முருகனும் இருக்கிறார். சுத்த தன்யாசிப் பாட்டை இயர்ஃபோனில் போட்டுக்கொண்டால், அந்த மலையைக் கடக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.